வெள்ளைச் சட்டை மாதிரி ஒரு வார்த்தை

என் அண்ணி காபி கொடுத்தால் உடனே வாங்கிக்கொள்ள முடியாது. கோப்பையின் காது அவர் விரலில் இருக்கும். அடிப்பாகம் நம் உள்ளங்கையில் இருக்கும், சூடு ஏறிக்கொண்டே போகும். “சர்க்கரை கம்மி” என்பார். நாமும் “சர்க்கரை கம்மி” என்று திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் விரல் விடும். சாவி, குடை, தபாலில் வந்த கடிதம், எதுவானாலும் இதே கதைதான். கல்யாணமான புதிதில் இது தெரியாமல் அண்ணன் வெடுக்கென்று இழுத்து, மடியெல்லாம் காபி. “கல்யாணம் பண்ணிக்கிட்டேனா, கஸ்டம்ஸ்ல மாட்டிக்கிட்டேனான்னு தெரியலடா” என்று அவர் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இது பிறந்த வீட்டிலிருந்து வந்த பழக்கம் இல்லை. அண்ணி பதினெட்டு வருடமாக ஒரு பெரிய ஓட்டலின் சலவைப் பிரிவில் வேலை பார்த்தார். அடித்தளத்தில் ஜன்னல் இல்லாத நீண்ட அறை. ஒரு பக்கம் சலவை இயந்திரங்கள், எதிர்ப்பக்கம் இஸ்திரி மேஜைகள், நடுவில் மலை மாதிரி துணி. விருந்தினர் போட்ட உடை ஒவ்வொன்றின் காலரிலும் அறை எண் எழுதிய சின்னத் துணிச்சீட்டைக் குத்துவது அண்ணியின் வேலை. துவைத்து வந்ததும் சீட்டைப் பார்த்துப் பிரித்து மூட்டை கட்டுவதும் அவர்தான். மூட்டை கைமாறும்போது கொடுப்பவர் எண்ணைச் சொல்ல வேண்டும், வாங்குபவர் திருப்பிச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் கொடுப்பவர் கை விடாது. இயந்திர இரைச்சலில் அந்த ஏற்பாடு இல்லையென்றால் முந்நூற்று ஐந்தின் கால்சட்டை முந்நூற்று ஒன்பதின் இடுப்பில் ஏறிவிடும். அண்ணி கையால் ஒரு மூட்டைகூட மாறிப் போனதில்லை. ஓட்டலில் அவருக்குப் பெயர் சீட்டக்கா.

ஒரு நாள் சலவைப் பிரிவின் கதவில் ஒரு அறிவிப்பு ஒட்டினார்கள். மாதக் கடைசியோடு துணிகள் வெளி நிறுவனத்துக்குப் போகின்றன. ஊழியர்களும் அங்கேயே போகலாம். ஊருக்கு வெளியே தகரக் கொட்டகை, தினக்கூலி, பழைய சர்வீஸ் எதுவும் கணக்கில் வராது. ஓட்டலிலேயே இருக்க வேண்டுமென்றால் ஒரே ஒரு இடம் இருந்தது. முதல் மாடியில், அறைகளிலிருந்து வரும் அழைப்புகளை எடுக்கும் டெலிபோன் மேஜை. அங்கே இருந்த பெண் வேலையை விட்டுப் போகிறாள். விருந்தினர் பேசுவது ஆங்கிலம். அதனால் ஒரு பரீட்சை. பத்து அழைப்பில் எட்டுக்குச் சரியாகச் சீட்டு எழுதினால் நாற்காலி கிடைக்கும்.

முன்பு ஒருமுறை அந்த இடம் காலியானபோதும் அண்ணி அந்தப் பரீட்சையை எழுதியிருந்தார். பத்து அழைப்புக்கும் “யெஸ் சார்” என்று சொல்லி மூன்று மார்க் வாங்கியிருந்தார்.

“அந்த மூணு எப்படி வந்துச்சு?” என்று கேட்டேன்.

“மூணு தடவை சார் கேட்டதுக்கு யெஸ்தான் பதில் போல” என்றார். “திருப்பிக் கேட்டா மார்க் குறைப்பாங்கன்னு எல்லாரும் சொன்னாங்க தம்பி. அதான் எல்லாத்துக்கும் தலையாட்டிட்டு வந்துட்டேன்.”

நான் ஒரு வாடகை நூலகத்தில் வேலை பார்க்கிறேன். ஆங்கிலம் படித்தால் புரியும், வாயைத் திறந்தால் வராது. இருந்தாலும் வீட்டில் நான்தான் படித்தவன். ஆகவே தடிமனான அகராதி ஒன்றைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தேன். அண்ணி அதை எடைபார்ப்பது போலத் தூக்கிப் பார்த்தார். “இவ்வளவு பெரிய மூட்டையை மொத்தமா யாராவது பிரிப்பாங்களா? எது அதிகமா வருதோ அதை முதல்ல உருவணும்” என்றார்.

மறுநாளே ஒரு நோட்டை வாங்கி, வேலையை விடப்போகும் டெலிபோன் பெண்ணிடம் கொடுத்தார். ஒரு வாரம் விருந்தினர்கள் சொல்வதையெல்லாம் அப்படியே எழுதச் சொன்னார். நோட்டு திரும்பி வந்தபோது நூற்று நாற்பது வரி இருந்தது. அண்ணி தரையில் உட்கார்ந்து, விரலில் எச்சில் தொட்டு ஒவ்வொரு பக்கமாகத் திருப்பி, ஒரே ஒரு வார்த்தையின் கீழ் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே போனார். கெட். அறுபத்தொரு இடத்தில் இருந்தது.

“பாதி மூட்டை இதுதான்” என்றார். “வெள்ளைச் சட்டை மாதிரி.”

அகராதியில் அந்த வார்த்தையை எடுத்துக் காட்டினேன். முழுசாக மூன்று பக்கம். அண்ணன் எட்டிப் பார்த்து, “ஒரு வார்த்தைக்கு இத்தனை அர்த்தமா? அப்ப அது வார்த்தை இல்ல, எங்க டெப்போ மேனேஜர். நேரத்துக்கு ஒண்ணு பேசும்” என்றார். அண்ணன் நகரப் பேருந்து ஓட்டுநர். “நான் ஒரே வார்த்தையில பஸ்ஸே ஓட்டுறேன். போலாம்னு கண்டக்டர் சொல்வான். போவேன்.”

எனக்கும் அந்த மூன்று பக்கத்தைப் பார்க்க மலைப்பாகத்தான் இருந்தது. எழுந்திரு, ஏறு, இறங்கு, வெளியே வா, கொண்டுவா, வாங்கு, புரிந்துகொள், உடம்பு தேறு, எப்படியோ சமாளி. நம்மிடம் தனித்தனியாக இருக்கிற இத்தனைக்கும் அங்கே ஒரே சொல். “இது ரொம்பக் குழப்பம் அண்ணி, வேற வார்த்தையிலிருந்து ஆரம்பிக்கலாம்” என்றேன்.

அண்ணி கேட்கவில்லை. இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கிக்கொண்டிருந்தவர் சட்டென்று திரும்பினார்.

“தம்பி, நாம என்னல்லாம் போடுறோம்?”

“என்ன அண்ணி?”

“டீ போடுறோம். சண்டை போடுறோம். தாழ்ப்பாள் போடுறோம். சோப்பு போடுறோம், கையெழுத்து போடுறோம், இஸ்திரி போடுறோம்.”

“பஸ்ஸுக்குப் பிரேக் போடுறோம்” என்றார் அண்ணன் உள்ளேயிருந்து.

“குறட்டையும் போடுறீங்க. தம்பி, பூனை குட்டி போடுது. உங்க அண்ணன் எனக்கு ஒரு பாராட்டுகூடப் போட்டதில்ல, அது வேற. இதெல்லாம் யாராவது உட்கார வச்சுச் சொல்லிக் கொடுத்தாங்களா? போடுங்கிறதை யார் பாக்குறா? முன்னால என்ன வருதுன்னுதானே பாக்குறோம்?” அகராதிப் பக்கத்தை விரலால் தட்டினார். “இதுவும் அதான். ஆனா இவங்களுக்குப் பின்னால வருது. நம்ம சட்டைக்குச் சீட்டு காலர்ல, இவங்க சட்டைக்குச் சீட்டு வால்ல. சட்டையைப் பாக்கக் கூடாது, சீட்டைப் பாக்கணும்.”

இலக்கணப் புத்தகம் எதிலும் நான் அப்படிப் படித்ததில்லை. அகராதியை மூடிவைத்தேன்.

அன்று முதல் எங்கள் வீடு சலவைப் பிரிவாயிற்று. பால்கனிக் கொடியில் துணிக்குப் பதில் சீட்டுகள் தொங்கின. ஒரு பக்கம் தமிழ் எழுத்தில் ஆங்கிலம், மறுபக்கம் அர்த்தம். எந்தச் சீட்டு எந்தப் பொருளோடு சேருமோ அந்தப் பொருளிலேயே குத்திவிடுவதும் உண்டு. அண்ணன் தலையணையில் கெட் அப். மாடிப்படியில் கெட் டவுன். மருந்துப் பெட்டியில் கெட் வெல். கூடத்து ஜன்னல் ஒன்று மழைக்கு ஊதி, பல மாதமாகத் திறக்க வராமல் இருந்தது. அதில் காட் ஸ்டக். தனக்கு ரொம்பப் பிடித்த கெட் பை என்பதை மட்டும் அரிசி டப்பாவில் குத்தினார். எப்படியோ சமாளித்துப் போவது என்று அதற்கு அர்த்தம். “இந்த வீட்டுக்கே இதைத்தான் பேரா வைக்கணும்” என்றார். ஒரு நாள் காலையில் என் சட்டை முதுகில் ஏதோ உறுத்தியது. கழற்றிப் பார்த்தால் கெட் மேரிட்.

அண்ணன் அழைப்பு விடுவார், அண்ணி பதில் சொல்வார். அண்ணன் நாற்காலியில் சாய்ந்து, கரண்டியைக் காதில் வைத்துக்கொண்டு, “ஹலோ, கெட் மீ வாட்டர்” என்றார். அண்ணி தண்ணீரை நீட்டினார், ஆனால் டம்ளரை விடவில்லை.

“யூ கெட் வாட்டர்?”

“ஏய், அங்க இப்படித் திருப்பிக் கேட்டா மார்க் போயிடும்னாங்களே.”

அண்ணி டம்ளரை இன்னும் விடவில்லை. “போன தடவை நான் எங்க தப்புப் பண்ணேன்னு இப்பதான் தெரியுது” என்றார். “கீழ வேலை பாக்குறப்ப திருப்பிச் சொல்லாம ஒரு கைக்குட்டைகூட விட மாட்டேன். மேல போனதும் அதையே விட்டுட்டேன். மார்க் போனாப் போகட்டும். திருப்பிச் சொல்லாம விடப்போறதில்ல.”

“சரி, தண்ணியை விடு.”

“தண்ணி.”

“தண்ணி, தாயே, தண்ணி.”

பரீட்சை நாளில் நடந்ததை அண்ணி சொல்லக் கேட்டிருக்கிறேன், ஓட்டல் தச்சரும் சொல்லக் கேட்டிருக்கிறேன். இருவர் சொன்னதும் ஒத்துப்போகிறது.

முதல் மாடியில் பழைய சாமான் அறை ஒன்றைக் காலி செய்து மேஜை போட்டிருந்தார்கள். மேஜையில் ஒரு டெலிபோன், சீட்டுக் கட்டு, தட்டு. எதிரே ஊழியர் பிரிவு அதிகாரி அம்மா, மூக்கு நுனியில் கண்ணாடி, கையில் பத்துக் கேள்விகளும் பதில்களும் எழுதிய தாள். உதவி மேலாளர் வேறொரு மாடியில் ஓர் அறையில் உட்கார்ந்து விருந்தினர் மாதிரி ஒவ்வொன்றாகக் கேட்பார். பரீட்சை எழுதுபவர் புரிந்துகொண்டதைச் சீட்டில் எழுதித் தட்டில் போட வேண்டும். காலையில் எழுதிய இரண்டு பேரும் ஐந்தைத் தாண்டவில்லை. அண்ணிதான் கடைசி.

முதல் அழைப்பு வந்தது. அண்ணி கேட்டார், திருப்பிச் சொன்னார், மறுமுனையில் “யெஸ்” வந்த பிறகே எழுதினார். இரண்டாவதுக்கும் அப்படியே. மூன்றாவதில் அவர் திருப்பிச் சொன்னது தப்பு. மறுமுனை திருத்தியது, அதையும் திருப்பிச் சொல்லி வாங்கிக்கொண்டார். அதிகாரி அம்மா கடிகாரத்தைப் பார்த்தார். “ஒவ்வொண்ணையும் ரெண்டு தடவை பேசணுமா?” என்றார்.

“ஒரு தடவை பேசினா எனக்குக் கை விடாது மேடம்.”

ஆறு முடிந்தது. ஏழாவது முறையாக மணி அடித்தது. இந்த முறை பெண் குரல். மூச்சு வாங்கியது.

“ஐ... காண்ட்... கெட் அவுட்.”

“யூ காண்ட் கெட் அவுட். ரூம் நம்பர்?”

“ஃபோர் ஒன் டூ.”

“ஃபோர் ஒன் டூ. ரூம் டோர்? பாத்ரூம் டோர்?”

“பாத்ரூம். டோர் காட்... டோர் காட்...” அந்தப் பெண்ணுக்கு வார்த்தை வரவில்லை.

அண்ணியின் கண்முன் எங்கள் கூடத்து ஜன்னல் வந்து நின்றதாம். “டோர் காட் ஸ்டக்!”

“யெஸ்! யெஸ்! காட் ஸ்டக்!”

“யூ கெட் நோ ஃபியர். ஐ கெட் மேன்.”

சீட்டை எழுதினார். தட்டில் போடவில்லை. பதினெட்டு வருடமாக அவர் எழுதிய சீட்டு எதுவும் மேஜையில் படுத்திருந்ததில்லை. எழுதினால் மூட்டை நகர வேண்டும். எழுந்து கதவைத் திறந்தார். வெளியே வராந்தாவில் தச்சர் ஒரு தள்ளுவண்டியைக் குப்புறப் போட்டுச் சக்கரம் மாட்டிக்கொண்டிருந்தார்.

“அண்ணே, நானூத்திப் பன்னெண்டு, பாத்ரூம் கதவு.”

தச்சர் கையை நீட்டினார். சீட்டு வரவில்லை.

“சொல்லுங்க.”

“அட, நானூத்திப் பன்னெண்டு, பாத்ரூம் கதவு. விடு சீட்டக்கா, கிழிஞ்சுடப் போகுது.”

அவர் உளியோடு ஓடினார். அதிகாரி அம்மா எழுந்தே விட்டார். “என்னம்மா பண்றீங்க? இது டெஸ்ட். எழுதிப் போட்டாப் போதும், யாரையும் அனுப்பக் கூடாது!”

“அனுப்பிட்டேனே மேடம்” என்று சொல்லிவிட்டு அண்ணி மறுபடி டெலிபோனை எடுத்தார். அந்தப் பெண் இன்னும் மறுமுனையில்தான் இருந்தாள். அழுகை மாதிரி சத்தம் கேட்டது. துணி மாறிவிடுமோ என்று பயந்த புதுப் பெண்கள் எத்தனையோ பேரை அண்ணி கீழே சமாளித்திருக்கிறார்.

“மேன் கெட்டிங் தேர். ஃபைவ் மினிட். யூ கெட் சிட்.”

“ஐ கெட் சிட்.”

“குட். யூ கெட் சில்ட்ரன்?”

“டூ. யூ?”

“ஐ கெட் ஒன் ஹஸ்பண்ட். எனஃப்.”

மறுமுனையில் அழுகை நின்று சிரிப்பு வந்தது. இங்கே அண்ணியும் சிரித்தார். பரீட்சையின் நடுவில் டெலிபோனைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற பெண்ணை அதிகாரி அம்மா கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துக்கொண்டிருந்தார். உளிச் சத்தம் கேட்கும்வரை அண்ணி பேசிவிட்டுத்தான் வைத்தார்.

பிறகு மற்ற அழைப்புகளும் வந்து முடிந்தன. உதவி மேலாளர் கீழே இறங்கி வந்தார். முகம் சரியில்லை. “ஏழாவது கேள்விக்கு எத்தனை தடவை அடிக்கிறது? லைன் பிஸியாவே இருந்துச்சு. விட்டுட்டு எட்டாவதுக்குப் போயிட்டேன்.”

அதிகாரி அம்மா தாளைக் காட்டினார். “மத்ததுல ரெண்டு தப்பு. ஏழாவது பூஜ்யம். மொத்தம் ஏழு சார். வராத போன் காலுக்கு வேற தச்சரை அனுப்பியிருக்காங்க.”

“நான் அப்படி எதுவும் கேக்கலையே. பத்துதான் என் லிஸ்ட்.”

“உங்க லிஸ்ட் எனக்குத் தெரியாது சார்” என்றார் அண்ணி. “எனக்கு மணி அடிச்சது பத்துதான். நீங்க பேசுனது ஒன்பது, அந்தம்மா பேசுனது ஒண்ணு. எண்ணிக்கையில நான் தப்பு விட மாட்டேன்.”

“எந்தம்மா?”

ஏழு. வேண்டியது எட்டு. அந்த நொடியில் தகரக் கொட்டகையின் வாசல்வரை போய்விட்டு வந்ததாக அண்ணி சொன்னார். அதிகாரி அம்மா பேனா மூடியைக் கழற்றி, தாளின் அடியில் கையெழுத்துப் போடக் குனிந்தார்.

கதவு திறந்தது. தச்சர் நின்றார். நெற்றியெல்லாம் மரத்தூள். ஒரு கையில் வளைந்துபோன தாழ்ப்பாள், மறு கையில் கசங்கிய சீட்டு.

“நானூத்திப் பன்னெண்டு முடிஞ்சது சீட்டக்கா. உள்ள முக்கால் மணி நேரமா மாட்டிக்கிட்டு இருந்திருக்காங்க. இப்ப நல்லா இருக்காங்க.” அப்புறம்தான் மற்ற இருவரையும் பார்த்தார். “சார், நாலாவது மாடியில எல்லாத் தாழ்ப்பாளும் இதே ரகம்தான். மாத்தணும்னு நானும் போன வருஷமே சொன்னேன்.”

உதவி மேலாளர் அந்த டெலிபோனைத் திருப்பிப் பார்த்தார். பரீட்சைக்கென்று எடுத்து வைத்தது பழைய இணைப்பு. நாலாவது மாடிக் குளியலறைகளின் சுவர் டெலிபோன்களில் அவசரத்துக்கு என்று இன்னும் அந்தப் பழைய எண்தான் ஒட்டியிருந்தது.

அவர் தச்சர் கையிலிருந்து சீட்டை வாங்கினார். அண்ணியின் உருண்டை எழுத்தில் 412, பாத்ரூம் கதவு, திறக்கவில்லை, அவசரம் என்று இருந்தது. அதைத் தட்டில் மற்றச் சீட்டுகளின் மேல் வைத்தார்.

“ஏழாவதுக்கு மார்க் போடுங்க மேடம்.”

“சார், அது நம்ம கேள்வி இல்லையே.”

“என் கேள்வியைவிட அது கஷ்டமான கேள்வி” என்றார். பிறகு அண்ணியைப் பார்த்து, “திங்கட்கிழமை இந்த மாடிக்கு வந்துடுங்க” என்றார்.

“திங்கட்கிழமை. இந்த மாடி” என்றார் அண்ணி.

அன்று மாலை அண்ணன் ஓட்டிய பேருந்தில் நானும் இருந்தேன். ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு கவிதைத் தொகுப்பைப் புரட்டிக்கொண்டிருந்தேன். ஒரே பக்கத்தில் அரைமணி நேரமாக இருந்தேன் என்பதுதான் உண்மை. ஓட்டல் நிறுத்தத்தில் கூட்டத்தோடு அண்ணி ஏறினார், சலவைப் பிரிவின் நீலக் கோட்டுடன். முகத்தில் எதுவும் தெரியவில்லை. அண்ணன் கண்ணாடியில் அவரைப் பார்த்தார். கேட்கவும் பயம், கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. வண்டி நகராமல் நின்றது.

“என்ன டிரைவர், போலாமா, இங்கயே குடித்தனமா?” என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

அண்ணி கம்பியைப் பிடித்துக்கொண்டு, வண்டி முழுக்கக் கேட்கும்படி, “ஐ காட் இட்!” என்றார்.

அண்ணன் திரும்பாமலே, “யூ காட் இட்?” என்றார்.

“காட் இட்ங்க!”

அங்கிருந்து எங்கள் நிறுத்தம் வரை ஏழு நிறுத்தம். எதிரே ஒரு வண்டிகூட இல்லாத இடத்திலும் அண்ணன் ஹாரன் அடித்துக்கொண்டே போனார். பின்னால் இருந்தவர் “கல்யாண ஊர்வலமா?” என்று கேட்டார். “அதைவிடப் பெருசு சார்” என்றார் கண்டக்டர். அண்ணி இறங்குவதற்குள் விஷயம் வண்டி முழுக்கத் தெரிந்துவிட்டது. முன்பின் தெரியாத ஒரு கிழவர் எழுந்து அவருக்கு இடம் கொடுத்து, “உட்காரு தாயி, ஜெயிச்சவங்க நிக்கக் கூடாது” என்றார். அடுத்த நிறுத்தம் எங்களுடையது. இருந்தாலும் அண்ணி உட்கார்ந்தார்.

இப்போது அந்த நாற்காலிக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. அழைப்பைத் திருப்பிச் சொன்ன பிறகே சீட்டு எழுத வேண்டும் என்று அந்த மேஜையில் விதியே எழுதி ஒட்டிவிட்டார்கள். சலவைப் பிரிவில் அவரோடு இருந்தவர்களில் மூன்று பேரை அண்ணி அடுத்த பரீட்சைக்குத் தயார்ப்படுத்துகிறார். இரண்டாவது வெள்ளைச் சட்டையை உருவியாகிவிட்டது. எடு என்று அர்த்தம் வரும் டேக். கொடியில் இடமில்லை, நாங்கள் துணியை நாற்காலி முதுகில் காயப்போடுகிறோம்.

போன ஞாயிற்றுக்கிழமை தச்சர் எங்கள் கூடத்து ஜன்னலைச் சரிசெய்ய வந்தார். அண்ணி வேலைக்குப் போயிருந்தார். சட்டத்தில் குத்தியிருந்த காட் ஸ்டக் சீட்டை நான் எடுத்துவிட்டு, அன்றைக்கு டெலிபோனில் நடந்ததை, அண்ணி சொல்கிற மாதிரியே ஒரு வார்த்தை விடாமல் அவருக்குச் சொல்லிக் காட்டினேன். யூ கெட் சிட் என்றதும் அவர் இழைப்புளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார், கண்ணில் தண்ணீர் வரும்வரை.

“இங்கிலீஷ்லயா பேசிக்கிட்டாங்க ரெண்டு பேரும்?”

“ஆமா. ஏன்?”

“தம்பி, நான் கதவைப் பேத்ததும் அந்தம்மா வெளிய வந்து முதல்ல என்ன சொன்னாங்க தெரியுமா? ‘அப்பாடா, உயிரே போயிடுச்சுங்க’ன்னாங்க. சுத்தமா நம்ம பாஷை. ‘இவ்வளவு பெரிய ஓட்டல்ல நம்ம பேச்சுல பேசினா யாரும் எடுக்க மாட்டாங்கன்னு நினைச்சேன். எனக்குத் தெரிஞ்சது அந்த ஒரே வார்த்தைதான். நல்லவேளை, அந்தப் பக்கம் இருந்த வெளிநாட்டு அம்மா புரிஞ்சுக்கிட்டாங்க’ன்னாங்க.”

“இதை ஏன் இத்தனை நாள் சொல்லல?”

“யாரும் கேக்கலையே” என்று சொல்லிவிட்டு அவர் ஜன்னலைத் தள்ளினார். அது திறந்துகொண்டது.